எட்டுப் போட்டிகள், ஒரு பொய்: சதுரங்கத்தின் 'தகுதி'க் கணக்கு

"செஸ்ஸுல என்ன சார் இட ஒதுக்கீடு? மூளை இருக்கிறவன் ஜெயிக்கிறான். அவ்வளவுதான்."

கடந்த ஜூன் மாதம் ஒரு தனியார் பள்ளியின் வேப்பமரத்தடியில் ஒரு தந்தை எங்களிடம் சொன்னது இது. உள்ளே அவருடைய மகனும் எங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பதில் சொல்லாமல் சிரித்து வைத்தோம். அந்த வாக்கியத்தில் எங்களுக்கே அன்று பாதி நம்பிக்கை இருந்தது என்பதுதான் உண்மை. எட்டு மாதம், எட்டுப் போட்டிகள் கொண்ட ஒரு பருவம் முழுவதும் அலைந்து முடித்த பிறகு அந்தப் பாதி நம்பிக்கையும் போய்விட்டது. அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே ஒரு சேரியில் இரவுப் பாடசாலை நடத்தும் நான்கு பேர். 2022 ஜூலையில் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது, வேட்டி கட்டிய குதிரையாக 'தம்பி' சின்னம் ஊரெல்லாம் பதாகையில் நின்றது. அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடந்தன. எங்கள் பிள்ளைகள் 'இதை எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கண்ணா' என்று கேட்டது அப்போதுதான். ஒலிம்பியாட் முடிந்தது, பதாகைகள் கிழிந்தன, பள்ளியில் சதுரங்கப் பலகை பீரோவுக்குள் போனது. பிள்ளைகள் மட்டும் விடவில்லை. ஒரே ஒரு பலகை, ஒரே ஒரு செட் காய், தெருவிளக்கு. அப்படித்தான் மூன்று வருடம் ஆடினார்கள்.

பிறகு அந்தத் தொடர் பற்றித் தெரியவந்தது. நான்கைந்து மாவட்டங்களுக்குப் பொதுவாக, ஜூன் முதல் ஜனவரி வரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு முறையும் வேறு ஊரில் ஒரு போட்டி. மொத்தம் எட்டு. ஒவ்வொரு போட்டியிலும் எடுக்கும் இடத்துக்கு ஏற்பப் புள்ளி. எட்டின் புள்ளிகளையும் கூட்டிக் கடைசியில் வயதுவாரியாக ஒரு பட்டியல். பட்டியலில் முதல் ஐந்து பேருக்குக் கோப்பையும் ஓராண்டு இலவசப் பயிற்சியும். அந்த இலவசப் பயிற்சிக்காகத்தான் போனோம்.

புறப்படும் முன் பிள்ளைகளிடம் நாங்கள் சொன்னது: "பலகைக்குச் சாதி தெரியாது. 64 கட்டம், இந்தப் பக்கம் 16 காய், அந்தப் பக்கம் 16 காய். எதிரே உட்கார்ந்திருப்பவன் யார் மகன் என்று குதிரைக்குத் தெரியாது."

அது பொய் என்று இப்போது சொல்கிறோம். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டோம்.

தலைகீழ் யானை

முதல் போட்டியில் எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் மூன்றாவது சுற்றில் ஜெயிக்கும் நிலையில் இருந்தான். சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரை கொண்டுபோய்விட்டான். இனி ராணி எடுக்க வேண்டியதுதான். எங்கள் பலகையில் கூடுதல் ராணி கிடையாது. வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அதுதான் ராணி. மூன்று வருடமாக அவனுக்குத் தெரிந்த ராணி அதுதான். அதையே செய்தான். கடிகாரத்தை அழுத்தினான். அடுத்த நகர்வில் அந்தத் 'தலைகீழ் ராணி'யைக் குறுக்காக நகர்த்தினான். எதிரே இருந்த சிறுவன் கையைத் தூக்கினான்.

நடுவர் வந்தார். சர்வதேச விதிப்படி தலைகீழாக வைத்தாலும் யானை யானைதான். யானை குறுக்கே போகாது. எனவே அது விதிமீறிய நகர்வு. எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல். யானை யானையாகவே நிற்கும். இப்படி இன்னொரு முறை செய்தால் ஆட்டம் போய்விடும். இவை எல்லாவற்றையும் அவர் ஆங்கிலத்தில் சொன்னார். பையனுக்குப் புரிந்தது ஒன்றுதான்: தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம், எல்லோரும் பார்க்கிறார்கள். அதன்பிறகு பதற்றத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டான்.

நடுவர் மீது எங்களுக்குக் குறை இல்லை. விதி சரி, தீர்ப்பும் சரி. ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம் கேட்கலாம் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எதிரே இருந்த சிறுவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவனுக்கு ஆறு வயதிலிருந்து பயிற்சியாளர் இருக்கிறார், இரண்டு ராணி உள்ள செட் இருக்கிறது, வீட்டில் மின்கடிகாரம் இருக்கிறது. அன்று எங்கள் பிள்ளைகளில் இருவர், காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்ததாலேயே நேரம் தீர்ந்து தோற்றார்கள். அந்தக் கடிகாரத்தை அவர்கள் கையால் தொட்டதே அன்று காலையில்தான்.

சமூகவியலில் பியர் பூர்தியூ 'பண்பாட்டு மூலதனம்' என்று ஒரு கருத்தைச் சொன்னார். வீட்டிலேயே கிடைத்துவிடும் பழக்கமும் மொழியும் தோரணையும் சேர்ந்து, வெளியே வரும்போது 'இயல்பான திறமை' போலத் தோன்றும். முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது எங்களுக்கு அது தேர்வுக்கான விடை. அந்த மேசையில் கவிழ்ந்து கிடந்த யானையைப் பார்த்தபோதுதான் பொருள் புரிந்தது. அந்த யானை எங்கள் பையனின் மூளையை அளக்கவில்லை. அவன் வீட்டில் எத்தனை ராணி இருந்தது என்பதை அளந்தது.

"எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?"

பிள்ளைகள் உள்ளே ஆடும்போது பெற்றோர்கள் வெளியே காத்திருப்பார்கள். பருவம் முழுக்க அந்தக் காத்திருப்பில்தான் நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டோம். முதல் கேள்வி எப்போதும் "எந்த அகாடமி?" என்பதுதான். இரவுப் பாடசாலை என்றால் ஒரு சின்ன மௌனம். அடுத்த கேள்வி "எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து வருவது "ஊருல எந்தப் பக்கம்?" தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் ஒளிக்காமல் சொன்னோம். சிலர் இயல்பாகப் பேச்சைத் தொடர்ந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். சிலர் அடுத்த சுற்றுக்கு நிழலை மாற்றிக்கொண்டார்கள்.

செப்டம்பர் போட்டி ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. வாசலிலேயே சாதியின் பெயர் உள்ள மண்டபம். எங்கள் தெருக் கல்யாணத்துக்கு அதைக் கேட்டால் "தேதி இல்லை" என்று பதில் வரும். எந்த மாதம் கேட்டாலும் தேதி இருக்காது. அதே தலைகீழ் யானைப் பையனின் அம்மாவிடம் இடத்தைச் சொன்னபோது அவர் சொன்னார்: "அந்த மண்டபமா? பின்பக்கம் கொல்லையில உக்காந்து அண்டா கழுவியிருக்கேன் சார். முன்பக்கம் எப்படி இருக்கும்னு பார்த்ததில்ல."

அவர் மகன் அந்த மண்டபத்துக்குள் முன்வாசல் வழியாகப் போனான். ஆறு சுற்றில் நான்கு புள்ளி எடுத்தான். நாங்கள் பெருமைப்பட்டோம், மறைக்கவில்லை. ஆனால் கேள்வி நிற்கிறது. பொதுப்போட்டி என்று அறிவித்துவிட்டு அதை ஏன் சாதி மண்டபத்தில் நடத்த வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளிகள் இந்த மாவட்டங்களில் இல்லையா? 1924-ல் பாரிஸில் தொடங்கப்பட்ட உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேவின் முழக்கம் 'நாம் ஒரே குடும்பம்' என்பது. அந்த முழக்கத்தை அச்சிட்ட பதாகை அன்று அந்த மண்டபத்தின் சுவரில்தான் தொங்கியது.

நோட்டுப் புத்தகத்தில் உள்ள தகுதி

இனி கணக்குக்கு வருவோம். ஒரு போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 400 ரூபாய். பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு ஆளுக்குச் சராசரியாக 250. அரசு தரும் இலவசப் பேருந்து அட்டை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டும்தான் செல்லும். துணைக்குப் பெரியவர் இருவர் போக வேண்டும். ஆக, ஆறு பிள்ளைகள் எட்டுப் போட்டியிலும் ஆட 35,200 ரூபாய் வேண்டும். நாங்கள் செலவிட்டது 23,650. மொத்தம் 48 முறை ஆடியிருக்க வேண்டிய பிள்ளைகள் 31 முறைதான் ஆடினார்கள்.

ஆடாமல் போன 17 முறைக்கும் காரணம் பணம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆகஸ்ட் போட்டிக்கு ஒருவர்கூடப் போகவில்லை. ஆடித் திருவிழாவில் சாமி ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வருவது பற்றி ஊரோடு தகராறு. மூன்று நாள் போலீஸ் நின்றது. பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போனது. அந்த ஞாயிறு ஆறு பிள்ளைகளுக்கும் தொடரில் பூஜ்யம். பட்டியலில் அந்தப் பூஜ்யத்துக்கு எதிரே காரணம் எழுத இடம் இல்லை. பூஜ்யம் என்றால் பூஜ்யம், அவ்வளவுதான்.

எங்கள் ஆறு பேரில் நன்றாக ஆடுபவள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஆகஸ்டைத் தவறவிட்டும், நவம்பர் முடிவில் தன் வயதுப் பிரிவின் மொத்தப் பட்டியலில் நான்காம் இடத்தில் இருந்தாள். இன்னும் இரண்டே போட்டி. முதல் ஐந்துக்குள் வந்தால் பயிற்சி. டிசம்பர் முதல் வாரத்தில் அவள் குடும்பம் கரும்பு வெட்டக் கிளம்பியது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளும் போக வேண்டும். நாங்கள் அவள் அப்பாவிடம் பேசினோம். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றது புரியுது சார். முன்பணத்தை யார் திருப்பிக் கொடுக்கிறது?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

ஜனவரிப் போட்டி முடிந்த இரவு எங்கோ ஒரு கரும்புத் தோட்டத்திலிருந்து அவள் அப்பாவின் போனில் கூப்பிட்டாள். "அண்ணா, யாரு ஜெயிச்சது? என்ன ஓப்பனிங் ஆடினாங்க?" இறுதிப் பட்டியலில் அவள் 13-வது. அவளுக்கு மேலே இருந்தவர்களில் மூன்று பேரை அந்தப் பருவத்திலேயே அவள் நேருக்கு நேர் தோற்கடித்திருக்கிறாள். அவர்கள் எட்டுப் போட்டியிலும் ஆடினார்கள், அவள் ஐந்தில் ஆடினாள். பட்டியலின் தலைப்பில் 'தகுதி வரிசை' என்று அச்சிட்டிருந்தது.

தோழர்களே, அந்தப் பட்டியலில் ஒரு எண்கூடத் தவறில்லை. கூட்டல் எல்லாம் சரி. இப்படித்தான் 'தகுதி' தயாராகிறது. யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. 'எட்டிலும் வரக்கூடியவன்' என்ற நிபந்தனையை விதியாக எழுதிவிட்டு, வர முடிந்தவர்களை வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்கு மூளை என்று பெயர் வைத்தார்கள்.

மாவட்ட அளவிலேயே இப்படி என்றால் மேலே போகப்போக விலை கூடுகிறது. ஃபிடே ரேட்டிங் பெற ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டமாவது ஆட வேண்டும். அத்தகைய நீண்ட நேரப் போட்டிகள் நான்கைந்து நாள் நடக்கும். நுழைவுக் கட்டணம் ஆயிரக்கணக்கில், தங்கும் அறை, துணைக்கு வரும் பெரியவருக்கு அத்தனை நாள் கூலி இழப்பு. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 18 வயதாகும் ஆண்டு முடியும் வரை, 2300-க்குக் கீழே உள்ளவர்களுக்கு ரேட்டிங் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் பெருக்கெண் 40. ஓரளவு ஆடி முடித்த பெரியவர்களுக்கு அது பொதுவாக 20. அதாவது, ஒரே வெற்றிக்குச் சிறுவயதில் இருமடங்கு ஏறலாம். ஏணி வேகமாக நகர்வது பள்ளி வயதில்தான். எங்கள் பிள்ளைகள் கரும்பு வயலிலும் செங்கல் சூளையிலும் இருப்பதும் அதே வயதில்தான்.

சதுரங்கமே ஒப்புக்கொண்ட உண்மை

இப்போது வேப்பமரத்தடித் தந்தைக்கு வருவோம். 'சதுரங்கத்தில் இட ஒதுக்கீடு இல்லை' என்றார் அல்லவா? இருக்கிறது ஐயா. நிறையவே இருக்கிறது.

வெள்ளைக் காய் ஆடுபவருக்கு முதல் நகர்வு. ஒரே ஒரு நகர்வு முந்தல்தான். அந்த ஒரு நகர்வாலேயே வெள்ளை நூற்றுக்கு 54, 55 புள்ளி வரை எடுக்கிறது என்பது லட்சக்கணக்கான ஆட்டங்களில் பார்த்த கணக்கு. இது நியாயமில்லை என்று சதுரங்க உலகம் ஒப்புக்கொண்டது. அதனால்தான் போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் வெள்ளையும் கறுப்பும் முடிந்தவரை சமமாக வரும்படி மாற்றி மாற்றித் தருகிறார்கள். அரை நகர்வு சாதகத்தையே ஈடுசெய்யும் ஆட்டம் இது. 'திறமை இருந்தால் எப்போதும் கறுப்பிலேயே ஆடி ஜெயிக்கட்டுமே' என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகளிடம் மட்டும் சொல்கிறார்கள்.

அதே அரங்கில் பரிசு மேசையைப் பாருங்கள். 9 வயதுக்குக் கீழ், 11 வயதுக்குக் கீழ், பெண்கள் பிரிவு, ரேட்டிங் 1600-க்குக் கீழ், ரேட்டிங் இல்லாதவர்களில் சிறந்தவர். ஒவ்வொன்றும் தொடங்கிய இடத்தின் வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு கொடுக்கும் பரிசு. ஒவ்வொன்றும் சரி, நாங்கள் ஆதரிக்கிறோம். எந்தத் தந்தையும் தன் மகன் வாங்கிய '11 வயதுக்குக் கீழ்' கோப்பையை 'இது தகுதிக்கு எதிரானது' என்று திருப்பிக் கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. வயதின் வேறுபாட்டைப் பார்க்கும் கண்ணுக்கு, சாதி ஏற்படுத்திய வேறுபாடு மட்டும் தெரியாமல் போவது எப்படி?

வெற்றியாளர்களை நாங்கள் சிறுமைப்படுத்துகிறோம் என்று யாராவது சொல்லலாம். இல்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5 - 6.5 என்று வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது எங்கள் இரவுப் பாடசாலையில் மிட்டாய் கொடுத்தோம். அவர் உழைப்பு அவருடையது. ஆனால் அவருடைய தந்தை தன் மருத்துவப் பணியை நிறுத்திவிட்டு மகனோடு நாடு நாடாகப் பயணம் செய்தார் என்பதை அந்தக் குடும்பமே சொல்லியிருக்கிறது. பிரக்ஞானந்தாவின் அம்மா போட்டிக்குப் போட்டி கூடவே போனதை நாம் எல்லோரும் படத்தில் பார்த்தோம். அவர்களின் தியாகம் உண்மையானது. எங்கள் கேள்வி வேறு. கரும்பு வெட்டுபவர் எந்த வேலையை நிறுத்திவிட்டு மகளோடு போவார்? குகேஷ் வென்ற பிறகு தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் கொடுத்தது. கொடுக்கட்டும். வெல்வதற்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கு 400 ரூபாய் கொடுக்க எந்தத் திட்டம் இருக்கிறது?

சென்னை ஏன் சதுரங்கத் தலைநகர் ஆனது என்பதையும் கேட்டுப் பாருங்கள். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன், 1970-களில் சென்னையின் சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தை நடத்தினார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகியது அங்கேதான். சோவியத் நாட்டில் சதுரங்கம் அரசு செலவில் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டின் ஒரு கிளை சென்னையில் இருந்தது. திறமை ஆகாயத்திலிருந்து விழவில்லை. பலகையும் புத்தகமும் எதிராளியும் கிடைக்கும் ஓர் இடம் இருந்தது. அப்படி ஓர் இடம் சேரியில் இல்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

தயவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கான், சர் உமர் ஹயாத் கான் என்ற பெரும் நிலக்கிழாரின் ஆதரவில் இங்கிலாந்து போனார். 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். உலக சாம்பியனாக இருந்த காபாபிளாங்காவையே ஹேஸ்டிங்ஸில் தோற்கடித்தார். 1933-ல் நிலக்கிழார் ஊர் திரும்பினார், அவரோடு சுல்தான் கானும் திரும்பினார். சர்வதேச ஆட்டம் அதோடு முடிந்தது. 2024-ல் ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது, அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு. ஆதரிப்பவர் ஊரில் இருக்கும் வரைதான் ஆதரவு. எங்களுக்கும் இந்தப் பருவத்தில் சில நல்லவர்கள் கட்டணம் கட்டினார்கள், நன்றி. ஆனால் நல்லவர்களின் சம்பளத் தேதியைப் பார்த்து ஒரு பிள்ளையின் பருவம் நகரக்கூடாது. தயவு வேண்டாம், உரிமை வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

இரண்டு மறுப்புகள்

'இது ஏழ்மைப் பிரச்சினை, சாதியை ஏன் இழுக்கிறீர்கள்? ஏழை என்றால் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள்' என்பார்கள். இருக்கிறார்கள், அவர்களுக்கும் கட்டணம் தள்ளுபடி வேண்டும். ஆனால் ஏழை என்பதால் மட்டும் யாரும் "ஊருல எந்தப் பக்கம்?" என்று கேட்பதில்லை. ஏழை என்பதால் மண்டபத்தில் தேதி இல்லாமல் போவதில்லை. ஏழை என்பதால் மூன்று நாள் பேருந்து நிற்காமல் போவதில்லை. போட்டி அறிவிப்பு வரும் வாட்ஸ்அப் குழுவில் நம்மைச் சேர்த்துவிட ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாமல் போனதற்கும், கரும்பு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கும் குடும்பம் திரும்பத் திரும்ப நம் தெருவிலேயே இருப்பதற்கும் காரணம் நிலம் யாரிடம் இருந்தது, பள்ளிக்கூடம் யாரை உள்ளே விட்டது என்பதுதான். வறுமைக்கு இங்கே முகவரி உண்டு.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது, அது எங்களுக்கு அதிகம் வலித்தது. 'சோற்றுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடும் இடத்தில் சதுரங்கமா? அது அவாள் விளையாட்டு, நமக்கு எதற்கு?' என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். அவரை மதிக்கிறோம். ஆனால் உடலால் ஆடும் கபடியும் ஓட்டமும் நமக்கு, உட்கார்ந்து யோசிக்கும் ஆட்டம் அவர்களுக்கு என்ற பங்கீடு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள் தோழர். உழைப்பு உனக்கு, அறிவு எனக்கு என்று பிரித்த அதே பழைய கத்திதான். அதை அவர்கள் வைத்திருந்தால் எதிர்க்கிறோம். நாமே எடுத்து நம் பிள்ளைகள் மீது வைக்கலாமா? ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்க ஒரு சேரிப் பெண்ணுக்குக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. பலகை அதில் ஒன்று. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அடுத்த ஜூனுக்கு முன்

கோபத்தோடு நிறுத்திக்கொள்ள நாங்கள் இதை எழுதவில்லை. அடுத்த பருவம் ஜூனில் தொடங்குகிறது. அதற்கு முன் கேட்க வேண்டியவை இவை.

தொடர் நடத்துபவர்களிடம்: எட்டுப் போட்டிகளில் ஒருவர் எடுத்த சிறந்த ஐந்தை மட்டும் கணக்கில் எடுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இந்த ஒரு விதி இருந்திருந்தால் எங்கள் பெண்ணின் பெயர் எங்கே இருந்திருக்கும் என்று உங்கள் பட்டியலை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் வேண்டாம். போட்டியை அரசுப் பள்ளியிலோ பொதுக் கட்டடத்திலோ நடத்துங்கள். முதல் சுற்றுக்கு முன் பத்து நிமிடம், விதிகளைத் தமிழில் சொல்லுங்கள். மேசையில் கூடுதல் ராணி வையுங்கள்.

அரசிடம்: தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன, விடுதிகளும் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடு நாம். நமக்கென்று ஒதுக்கும் துணைத் திட்ட நிதியிலிருந்து ஒவ்வொரு விடுதிக்கும் பத்துப் பலகை, பத்துக் கடிகாரம், வாரம் ஒரு பயிற்சியாளர். போட்டிக்குப் போகும் மாணவருக்குப் பேருந்து அட்டை செல்லுபடியாகட்டும். சதுரங்கச் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் உதவுகிறது. எனவே கட்டணம் கட்டி வாங்கும் சான்றிதழ், கட்டணம் கட்டி வாங்கும் கல்லூரி இடமாக மாறுகிறது. இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை என்பதை அதிகாரிகள் புரிந்துகொள்ளட்டும்.

நம்மிடம்: இதைப் படிக்கும் மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் இரவுப் பாடசாலையில் ஒரு பலகை வையுங்கள். விதிப் புத்தகத்தைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். முடிந்தவர்கள் நடுவர் தேர்வு எழுதுங்கள். ஆட ரேட்டிங் வேண்டும், நடுவராக விதி தெரிந்தால் போதும். ஒரு சேரிப் பிள்ளை பதற்றத்தில் கை தூக்கும்போது, "பயப்படாதம்மா, என்ன ஆச்சு?" என்று தமிழில் கேட்கும் ஒரு நடுவர் அரங்கில் இருந்தால் என்ன மாற்றம் வரும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் நால்வரில் இருவர் இந்த வருடம் அந்தத் தேர்வுக்குப் படிக்கிறோம்.

தலைகீழ் யானைப் பையன் இப்போது ஒவ்வொரு போட்டிக்கும் சட்டைப் பையில் இரண்டு ராணியோடு போகிறான், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கடைசிப் போட்டியில் எதிரே உட்கார்ந்த இன்னொரு அரசுப் பள்ளிப் பையன் யானையைக் கவிழ்க்கப் போனபோது, இவன் கை தூக்கி நடுவரை அழைக்கவில்லை. பையிலிருந்து ராணியை எடுத்து மேசையில் வைத்தான். அந்த ஆட்டத்தில் தோற்றும் போனான். ஏன் அப்படிச் செய்தாய் என்று நாங்கள் கேட்டோம். "அவனுக்கும் யாரும் சொல்லலண்ணா" என்றான்.

அந்தப் பெண் பங்குனியில் ஊர் திரும்புகிறாள். ஜூனில் முதல் போட்டி. டிசம்பரில் மீண்டும் கரும்பு. அந்த டிசம்பருக்குள் மேலே உள்ள கோரிக்கைகளில் ஒன்றையாவது வென்றெடுக்க வேண்டும். அதற்கான மனுவில் உங்கள் கையெழுத்தும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்தின் வாசலில் உங்கள் காலடியும் வேண்டும்.

ஜெய்பீம்.